இருபத்தேழு விடியத்தான் திறக்கும்

பாலன் பிறக்கிற நத்தார் நெருங்கினால் பாலையூற்றில் எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் மின்குமிழ் மாலை வாங்குவார்கள். அடுத்த வீட்டுக்காரி ஆமைப் பூட்டு வாங்கினாள். உள்ளங்கை நிறையும் பித்தளைப் பூட்டு. புருசனும் கைப்பிள்ளையுமாக அந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்து அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை. நான் தபால் கந்தோரில் வேலை முடிந்து வரும்போது, கேற்றடியில் நின்று அதைப் பூட்டுவதும் திறப்பதுமாக இருந்தாள். ஒவ்வொரு முறை பூட்டியதும் மூன்று தரம் இழுத்துப் பார்த்தாள்.

"என்ன தங்கச்சி, கள்ளர் பயமோ?" என்று கேட்டேன்.

"இல்லை அக்கா, இது நத்தாருக்கு. இருவத்துநாலு பின்னேரப் பூசை முடிஞ்சு வந்து பூட்டினா, இருவத்தேழு விடியத்தான் திறப்பம். அதுவரைக்கும் ஒருத்தரும் வெளியில போறேல்ல. எங்கட வீட்டு வழக்கம்."

"எப்ப தொட்டு?"

"இந்த வருசம் தொட்டு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. பூட்டை முந்தானையில் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

எங்கள் வீட்டில் நத்தார் என்றால் வான் பிடித்து ஊர் சுற்றுவது. ஏழு வீடு ஏறி இறங்கி, ஏழு வீட்டு கேக்கும் தின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மத்தியானம் வந்து சேருவோம். பின்னேரம் எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள். நத்தாருக்கு வாசலைப் பூட்டுகிறவர்களை நான் அதுவரை கண்டதில்லை. அந்த வருடம் இருபத்தைந்தாம் திகதி காலை, பலகாரத் தட்டோடு போய் அவள் கேற்றில் தட்டிக்கொண்டு நின்றேன். எனக்குக் கோபம் கெதியாக வரும். தட்டைத் திருப்பிக்கொண்டு வர வெளிக்கிட்ட நேரம் மதிலுக்கு மேலால் அவள் தலை தெரிந்தது.

"அக்கா, இஞ்சால வாங்கோ, மதிலடிக்கு."

அவர்கள் வளவு பள்ளம். அவள் கதிரை ஒன்றைப் போட்டு ஏறி நின்றாள். எங்கள் பக்கத்தில் மதில் என் நெஞ்சளவுதான். என் தட்டை வாங்கி, தன்னுடைய தட்டைத் தந்தாள். மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"பத்து மணி. வருசா வருசம் பத்து மணிக்கு இதில குடுத்து மாறுவம் அக்கா. இதுவும் வழக்கம், என்ன?"

இப்படித்தான் என்னையும் அவளுடைய வழக்கத்துக்குள் சேர்த்துக்கொண்டாள். அடுத்த வருடம் பத்து மணி தாண்டிவிடுமே என்று நான் வான்காரனைக் காக்க வைத்தேன்.

மெலிந்த பெண். பள்ளிக்கூட யூனிபோர்ம் தைத்துக் கொடுப்பாள். கழுத்தில் அளவு நாடா, வாயில் குண்டூசி. ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டே கதைப்பாள். கோயிலில் பூசை நடக்கும்போது புருசன் தோளில் ஒருமுறை, பிள்ளை தலையில் ஒருமுறை, தன் நெஞ்சில் ஒருமுறை கையை வைப்பாள். ஏதோ புதுவிதமாகச் சிலுவை போடுகிறாள் என்றுதான் நான் கன நாள் நினைத்திருந்தேன். அவள் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தாள். பின்னேரமானால் வாசலில் கிடக்கும் செருப்புகளையும் எண்ணுவாள். மூன்று சோடி சரியாக இருந்தால்தான் குசினிக்குள் போவாள்.

புருசனுக்குத் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. உள்ளே வருகிற கப்பலை இழுத்துப் போய் ஜெட்டியில் அணைப்பது. அமைதியான மனிதர், கிளிவெட்டிக்காரர். சைவ வீட்டில் பிறந்து இவளுக்காகக் கோயிலுக்கு வந்தவர். நத்தார் மூன்று நாளும் வீட்டில் இருப்பதற்காக, நோன்புப் பெருநாளில் கிண்ணியா நானா ஒருவரின் வேலையை இவர் செய்வார். நத்தாருக்கு நானா இவருடையதைச் செய்வார். கப்பலை இழுத்துக் கட்டுகிற மனிதனை இவள் வீட்டில் கட்டி வைத்திருக்கிறாள் என்று என் வீட்டுக்காரர் பகிடி விடுவார். வேலைக்குப் போகும்போது அவர் "போயிட்டு வாறன்" என்பார். அவள் மறுமொழி சொன்னதை நான் கேட்டதே இல்லை. தலையைக் குனிந்து ஊசிக்கு நூல் கோர்ப்பாள்.

வருடத்துக்கு ஒரு வழக்கம் கூடியது. நத்தாருக்கு முந்திய திருவருகைக் காலம் தொடங்கியதும் மூன்று வெறும் ரின்மீன் தகரப் பேணிகளில் மண் போட்டுக் குரக்கன் விதைப்பார்கள், ஆளுக்கொன்று. யாருடைய பயிர் உயரமோ அவர் கையால்தான் குடிலில் பாலனை வைக்க வேண்டும். பிள்ளையின் பேணிக்கு மட்டும் அவள் கஞ்சித் தண்ணீர் ஊற்றுவதை நான் மதிலுக்கு மேலால் கண்டிருக்கிறேன். இருபத்தைந்து காலையில் மூன்று பேரும் மேசையைச் சுற்றி இருந்து ரோல்ஸ் பலகாரம் சுற்றுவார்கள். ஆமைப் பூட்டைத் திறக்கிற கேற்றுத் திறப்பு குடிலுக்குள் பாலனின் வளர்ப்புத் தகப்பன் சூசையப்பரின் காலடியில் கிடக்கும். "வீட்டுக்குப் பொறுப்பான ஆள் அவர்தானே அக்கா," என்பாள். வீடு மந்திரிக்க வந்த சுவாமியார் பூட்டைப் பார்த்துவிட்டு, மதிலுக்கு மேலால் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். அதையும் அடுத்த வருடத்திலிருந்து வழக்கமாக்கிவிட்டாள்.

பிறகு போன்கள். இருபத்துநாலாம் திகதி இரண்டு போனையும் நிற்பாட்டி அரிசி வாளிக்குள் புதைத்துவிடுவாள். போன் இருந்தால் யாராவது வா என்று கூப்பிடுவார்களாம். அவசரத்துக்கு என்று என் நம்பரைப் புருசனின் தங்கைக்குக் கொடுத்து வைத்திருந்தாள். அந்தப் பெண் கிளிவெட்டியில் தாயோடு இருந்தாள்.

அந்தத் தாய் ஒரு வருடம் நத்தாருக்கு வந்தா. வெற்றிலைப் பையும் கையுமாகக் குடிலுக்கு முன்னால் இருந்து, இந்தச் சூசையப்பர் ஆர், அந்த மாடு ஆருடையது என்று பேத்தியிடம் கேட்டுக்கொண்டிருந்தா. இருபத்தாறு காலை, வயலில் தண்ணீர் கட்ட வேண்டும், போக வேண்டும் என்றா. மருமகள் திறப்பை எடுக்கவில்லை. கிழவி உடுப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு கேற்றடியில் கதிரை போட்டு இருந்தா. நான் போய்க் கதை கொடுத்தேன்.

"மறியல் சிறையில வைச்சிருக்கிறாள் பிள்ளை," என்றா. சிரித்துக்கொண்டுதான் சொன்னா. ஆனால் அன்று முழுக்க அவ அந்த இடத்தை விட்டு எழும்பவில்லை. அதற்குப் பிறகு நத்தாருக்கு வரவும் இல்லை. ஒவ்வொரு மார்கழியும் மகனுக்குச் சொல்லி அனுப்புவா, நத்தார் லீவுக்கு ஒருக்கால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இங்கே வாவென்று. அவர் மனைவியின் முகத்தைப் பார்ப்பார். பிறகு பொங்கலுக்கு வாறம் என்று சொல்லி அனுப்புவார்.

அந்தக் கிழவியை வைத்திருந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த முறை கேக் மாறும்போது கேட்டே விட்டேன், "இதென்ன தங்கச்சி, மனுசரைப் பூட்டி வைக்கிற வழக்கம்?"

அவள் தட்டைப் பிடித்தபடியே சொன்னாள்.

"எனக்குப் பதின்மூண்டு வயசு அக்கா. கொப்பளிப்பான் அம்மை போட்டிருந்தது. அப்பா, அம்மா, ரெண்டு தம்பிமார், நாலு பேரும் நத்தார் அண்டைக்குப் பின்னேரம் மாமா வீட்டுக்கு கேக் கொண்டு போனவை. கடற்கரை வீடு. என்னைப் பக்கத்து வீட்டு அன்ரியோட விட்டுட்டு, போயிட்டு வாறம் எண்டு சொன்னவை. மழை, பஸ் இல்லை எண்டு அங்கேயே படுத்திட்டினம். விடிய இருவத்தாறு."

சுனாமி என்ற சொல்லை அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

"பிறகு சிஸ்டர்மாரின்ர விடுதி. அங்க நத்தாருக்கு வரிசையில நிண்டு குளிக்கச் சவர்க்காரமும் துவாயும் வாங்குவம். எனக்கு ஒருத்தரும் வழக்கம் எண்டு ஒண்டும் விட்டுட்டுப் போகேல்ல அக்கா. நான்தான் தொடங்க வேணும். பிழை வராமல் தொடங்க வேணும்."

அதற்குப் பிறகு நான் பூட்டைப் பற்றிப் பகிடி விடவில்லை. உள்ளே மூன்று பேரும் பாலன் பாட்டுப் படிக்கும் சத்தம் கேட்டால், கடவுளே இவளுக்கு இது நிலைக்கட்டும் என்றுகூட மன்றாடியிருக்கிறேன்.

அவர்கள் வந்து ஏழாவது நத்தார். இருபத்தைந்தாம் திகதி பின்னேரம் நாலு மணி. வீட்டில் விருந்தாளிகள். என் போன் அடித்தது. கிளிவெட்டித் தங்கச்சி.

"அக்கா, அம்மாவுக்குக் கடுமை. விடியாது எண்டு சொல்லினம். கண் முழிக்கிற நேரமெல்லாம் அண்ணாவைத்தான் கேக்கிறா. அண்ணாவை உடன வரச் சொல்லுங்கோ."

நான் மதிலடிக்கு ஓடிப்போய்க் கூப்பிட்டேன். அவள் மட்டும் வந்தாள். கையெல்லாம் மா. கேட்டதைச் சொன்னேன். அவள் மாவை விரல் விரலாக உருட்டி உதிர்த்தாள்.

"ரோட்டில வெள்ளம் நிக்குதோ அக்கா?"

மூன்று நாளாக மழை. எனக்கு என்ன தெரியும்? "மழை எண்டா அங்கால நிக்கும்தானே," என்று சொல்லிவிட்டேன். அதுதான் நான் செய்த முதல் பிழை.

"சரி அக்கா. நான் இவருக்குச் சொல்லுறன்," என்றாள்.

விருந்தாளிகளோடு கதைத்துக்கொண்டே மோட்டார் சைக்கிள் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி இருந்தேன். சத்தம் வரவில்லை. வெள்ளம் என்று போகாமல் விட்டார்களாக்கும் என்று நினைத்தேன். நினைக்க விரும்பினேன் என்பதுதான் சரி.

விடிந்ததும் போன் மறுபடி அடித்தது. தாய் போய்விட்டா. மதிலடிக்குப் போனேன். எனக்காகக் காத்து நின்றதுபோல அவள் ஏற்கனவே கதிரையில் ஏறி நின்றாள். என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

"நேற்று அவருக்குச் சொன்னனியோ தங்கச்சி?"

தலையை இல்லையென்று ஆட்டினாள். "இண்டைக்கு இருவத்தாறு அக்கா. தண்ணிக்குள்ளால எப்பிடி விடுவன்? நாளைக்கு விடியச் சொல்லுறன். நாளைக்கு நானே சொல்லுறன்."

"அவர் ஒரே மகன். கொள்ளி வைக்க வேணும்."

அவள் என் கையைப் பிடித்தாள். பிடியை விடவில்லை. உள்ளே பிள்ளையும் தகப்பனும் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும், "தம்பி" என்று ஒரே ஒரு சத்தம். மதில் என் நெஞ்சளவுதான். நான் போடவில்லை.

அரை மணித்தியாலத்தில் கிளிவெட்டித் தங்கச்சி திரும்ப எடுத்தாள். "அண்ணா வெளிக்கிட்டிட்டாரோ அக்கா? இஞ்ச வாய்க்கால் பெருகுது. கன நேரம் வைச்சிருக்க ஏலாதாம்."

"ரோட்டில வெள்ளமாம் தங்கச்சி. வர ஏலாமக் கிடக்கு," என்று என் வாய் சொன்னது. ஒருவரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. அன்று பின்னேரம் தங்கையின் புருசன் கொள்ளி வைத்தார்.

இருபத்தேழு விடிய கேற் திறந்த சத்தம் கேட்டது. சண்டை பிடித்த சத்தமோ அழுத சத்தமோ இல்லை. மோட்டார் சைக்கிள் போன சத்தம் மட்டும் கேட்டது. எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடித்து மொட்டைத் தலையோடு வந்தார். என் வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, என்ர தங்கச்சி உங்களுக்கு முதல் எத்தனை மணிக்கு எடுத்தவ?"

"இருவத்தஞ்சு பின்னேரம் நாலு மணிக்குத் தம்பி."

"அண்டைக்கு ரோட்டில தண்ணி இல்லை அக்கா. பஸ் ஓடினது. தண்ணி ஏறினது இருவத்தாறு பின்னேரம்தான். வெள்ளம் எண்டு நீங்கள் சொன்னதெண்டு தங்கச்சி சொன்னவ."

 நான் கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் ஓம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

அவளை அவர் அடிக்கவில்லை, ஏசவில்லை, விட்டுப் போகவும் இல்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும் என்று அவள் ஒருமுறை சொன்னாள். அடுத்த நத்தாருக்குப் பத்து மணிக்கு வழக்கம்போல கேக் மாறினோம். ரோல்ஸ் சுற்றினார்கள். பின்னேரம் நாலு மணிக்கு அவர் சூசையப்பரின் காலடியில் இருந்த திறப்பை எடுத்து, கேற்றைத் திறந்து, மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்தார். பிள்ளையைப் பின்னால் ஏற்றினார். தாயின் திவசம். திதி பார்த்தால் முன்பின் ஒரு நாளில் வரும். அவர் திதி பார்க்கவில்லை.

"வருசா வருசம் இருவத்தஞ்சு நாலு மணிக்குப் போய், இருவத்தேழு வருவம்," என்றார் அவளிடம். நான் மதிலடியில்தான் நின்றேன். குரல் உயரவே இல்லை. "இதுவும் இனி எங்கட வழக்கம்."

பிள்ளை கையைக் காட்டி, "போயிட்டு வாறன் அம்மா," என்றாள். அவள் கேற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.  அவர்கள் போன பிறகு கேற்றைச் சாத்தவும் இல்லை. வாசலில் ஒரு சோடி செருப்பு மட்டும் கிடந்தது. இரண்டு நாளும் திறந்த கேற்றில் கதிரை போட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். அந்தக் கிழவி அன்று இருந்த அதே இடம். நான் சோறு கொண்டுபோனேன். அந்த வருடம் பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்த ஆட்களைக் கெதியாக அனுப்பிவிட்டேன்.

அப்படி இரண்டு நத்தார். பிறகு எனக்கு மூதூர் தபால் கந்தோருக்கு மாற்றம் வந்தது. கிளிவெட்டிக்குப் போகும் ரோட்டோரத்தில் வீடு எடுத்தோம். அவளுக்குச் சொல்லும்போது பயந்தேன். அவளோ, "நல்லதாப் போச்சு அக்கா, இனி நீங்கள் ரோட்டைப் பாக்கலாம்," என்றாள்.

மாறி வந்து முதல் நத்தாருக்குச் சரியாக நாலு மணிக்கு போன் வந்தது. அவள் போனை அரிசி வாளிக்குள் புதைக்கவில்லை. "இப்பதான் வெளிக்கிட்டினம் அக்கா. ரோட்டில தண்ணி நிக்குதோ?"

குடையை எடுத்துக்கொண்டு வளைவுவரை நடந்து போய்ப் பார்த்தேன். "இல்லைத் தங்கச்சி. காஞ்சு கிடக்கு," என்றேன். மெய்யாகவே காய்ந்துதான் கிடந்தது. ஒரு மணித்தியாலம் கழித்து மோட்டார் சைக்கிள் வாசலைத் தாண்டிப் போனது. அவர் நிற்கவில்லை. பிள்ளை மட்டும் கையைக் காட்டினாள்.

போன நத்தாருக்கு மழை விடாமல் பெய்தது. நாலு மணிக்கு அவள் எடுத்தாள். நான் வளைவுக்கு அங்கால் போய் இறங்கிப் பார்த்தேன். முழங்கால் நனைந்தது.

"ஓம் தங்கச்சி, நிக்குது. இண்டைக்கு மெய்யாவே நிக்குது. அவரை மறி."

"அவை போயிட்டினம் அக்கா." பிறகு சொன்னாள், "எடுத்துச் சொன்னாலும் அவர் நம்பமாட்டார். தண்ணி எண்டு நான் சொன்னா நம்பமாட்டார்."

நான் வீட்டுக்குள் போகவில்லை. ரோட்டு நடுவில் நின்று காத்திருந்தேன். ஐந்து மணி தாண்டி மோட்டார் சைக்கிள் வந்தது. கையை விரித்து மறித்தேன். அத்தனை வருடத்தில் முதன்முறையாக என் முன்னால் நிற்பாட்டினார்.

"தம்பி, வளைவுக்கு அங்கால முழங்காலளவு தண்ணி."

மழைக்கோட்டுத் தொப்பிக்குள்ளால் என்னைப் பார்த்தார். "இண்டைக்கு மெய்யோ அக்கா?"

 முழங்கால்வரை நனைந்திருந்த என் சேலையை அவர் பார்க்கட்டும் என்று நின்றேன். பார்த்தார். பிள்ளையை இறக்கி என் கையில் பிடித்துத் தந்தார். பதினொரு வயதுப் பிள்ளை, தாயைப்போலவே மெலிந்த கை. மோட்டார் சைக்கிளை என் வாசலில் சாய்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வளைவைத் தாண்டித் தண்ணீருக்குள் இறங்கினார். நில் என்று சொல்லும் உரிமை எனக்கு இருக்கவில்லை. பிள்ளையும் நானும் பின்னால் போய்க் கரையில் நின்றோம்.

போன் அடித்தது. "கண்டனீங்களோ அக்கா?"

"ஓம். பிள்ளை என்னோட நிக்கிறா."

"அவர்?"

"தண்ணியைக் கடக்கிறார். பாத்துக்கொண்டுதான் நிக்கிறன்."

அவள் போனை வைக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. இடுப்பளவில் ஓர் இடத்தில் அவர் தடுமாறினார். அதை நான் சொல்லவில்லை. இனிப் பொய் சொல்வதில்லை என்று இருந்தேன், ஆனால் அதைச் சொல்ல என்னால் ஏலாமல் போய்விட்டது. அவர் மறுபக்கம் ஏறி, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

"ஏறிட்டார் தங்கச்சி."

மூச்சு மெதுவாக இறங்கியது. பிறகு அவள் கேட்டாள், "உங்கட கேற்றில பூட்டு இருக்கோ அக்கா?"

"இல்லை."

"எதாலயாவது கட்டுங்கோ. பிள்ளையை உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கட்டுங்கோ. இருவத்தேழு விடியத் திறந்தாப் போதும்."

நாங்கள் உள்ளே வந்தோம். கொடிக்கயிற்றை அவிழ்த்து வந்து, கேற்றையும் தூணையும் சேர்த்துச் சுற்றி, என் பலம் கொண்ட மட்டும் முடிச்சுப் போட்டேன். பிள்ளை பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கையை எடுத்ததும் முன்னுக்கு வந்து, முடிச்சைப் பிடித்து மூன்று தரம் இழுத்துப் பார்த்தாள்.